முதல் கேமிங் கணினிக்குப் பாகம் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்டவை

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு டியூஷன் நிலையத்தில் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்த பிள்ளைகள், அவர்களுடைய அம்மாக்கள், தீபாவளி போனஸைக் கையில் வைத்திருக்கும் அண்ணன்மார் என்று ஆண்டு முழுவதும் யாராவது ஒருவர் இதே சந்தேகங்களோடு வருகிறார்கள். பத்துப் பேரிடம் சொன்னதைப் பதினோராவது ஆளுக்கும் முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதி வைத்தேன். விலைகள் வாரத்துக்கு வாரம் மாறுகின்றன. ஆகவே பாகங்களின் விலையை எழுதாமல், பணத்தைப் பங்கிடும் முறையை எழுதியிருக்கிறேன்.

டீச்சர், எந்தக் கிராபிக்ஸ் கார்டு நல்லது?

கிராபிக்ஸ் கார்டு என்பது விளையாட்டின் படங்களைத் திரைக்கு வரைந்து தரும் பாகம். நான் திருப்பிக் கேட்பது இரண்டு: என்ன விளையாடப் போகிறாய்? எந்தத் திரையில் பார்க்கப் போகிறாய்? வேலரண்ட், டோட்டா 2 போன்றவற்றை மட்டும் விளையாடுகிறவனுக்கு எளிய கார்டே போதும். பெரிய திறந்தவெளி விளையாட்டுகளை ஆசைப்படுகிறவனுக்கு 8 ஜிபி நினைவகம் உள்ள கார்டு வேண்டும்.

திரையும் அதே அளவுக்கு முக்கியம். 1920×1080 திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 2560×1440 திரையில் சுமார் 37 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்திலும், கார்டு அத்தனை புள்ளிகளையும் வரைய வேண்டும். அதேபோல் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு விநாடிக்கு 60 படங்களைத்தான் காட்டும். கார்டு 150 படம் வரைந்தாலும் மற்றவை கண்ணுக்கு வந்து சேராது. முதல் கணினிக்கு 1080 திரை, 8 ஜிபி கார்டு என்பது என் அறிவுரை. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 ஆகிய இரண்டும் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துகிற கார்டுகள்.

மொத்தப் பணத்தை எப்படிப் பங்கிடுவது?

கையில் 100 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு 35 முதல் 40 வெள்ளி. கணினியின் மூளையான பிராசஸருக்கு 17. தற்காலிக நினைவகமான ராமுக்கும், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் சேர்த்து 20. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டுக்கு 11. மின்சாரம் தரும் பவர் சப்ளைக்கு 9 அல்லது 10. மிச்சம் வெளிப்பெட்டியான கேஸுக்கு. உங்களிடம் 3000 வெள்ளி இருந்தால் 30ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 2025 இறுதியில் தரவு மையங்களின் தேவையால் ராம் விலை கடுமையாக ஏறியதிலிருந்து ராமின் பங்கு கூடிவிட்டது. அதை ஈடுகட்டக் கேஸிலும் மதர்போர்டிலும் கை வையுங்கள், பவர் சப்ளையில் வேண்டாம்.

மானிட்டர், விசைப்பலகை, மவுஸ், விண்டோஸ் எல்லாம் இதற்கு வெளியே. ஒரு மாணவன் இரண்டு ஆண்டு சேமித்த பணம் முழுவதையும் பெட்டிக்கே செலவழித்துவிட்டு, மானிட்டர் வாங்க மேலும் நான்கு மாதம் காத்திருந்தான். மேசை மேல் துணி போட்டு மூடி வைத்திருந்த அந்தப் புதுக் கணினியை நான் பார்த்தேன். மனம் கேட்கவில்லை. முதலில் திரைக்கு எடுத்து வையுங்கள், பிறகு பங்கிடுங்கள்.

'ஐ7 கேமிங் கணினி, 900 வெள்ளி' என்று விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?

ஐ7 என்பது இன்டெல் நிறுவனத்தின் பிராசஸர்களுக்குக் குடும்பப் பெயர் மாதிரி. தாத்தாவுக்கும் அதே பெயர்தான், பேரனுக்கும் அதே பெயர்தான். பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் வரும் எண். ஐ7-2600 வெளிவந்தது 2011இல். ஐ7-4770 வெளிவந்தது 2013இல். ஆனால் ஐ3-12100எஃப் 2022இல் வந்தது; பெயரில் ஐ3 என்றிருந்தாலும் அந்த இரண்டையும் விளையாட்டில் எளிதாக முந்திவிடும். இன்டெல் எண்ணில் கடைசி மூன்று இலக்கங்களை மறைத்துக்கொண்டு பாருங்கள். முன்னால் மிஞ்சுவது தலைமுறை: 2, 4, 12 என்று. (2023 இறுதியிலிருந்து வருகிற 'அல்ட்ரா' வரிசைக்கு இந்தக் கணக்கு செல்லாது.)

இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் முறையாக அனுமதிப்பது பெரும்பாலும் இன்டெல் 8ஆம் தலைமுறையிலிருந்தும், ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான். விண்டோஸ் 11இல் வேலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகளும் வேண்டும். பழைய ஐ7 வாங்கிவிட்டு, விளையாட்டு திறக்க மறுக்கிறது என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

இன்டெலா, ஏஎம்டியா?

முதல் கணினிக்கு இரண்டும் நல்லவை. ரைசன் 5 5600, ஐ5-12400எஃப் இரண்டிலும் 6 கோர் (வேலை செய்யும் பகுதி), 12 திரெட் (ஒரே நேரத்தில் கையாளும் வேலை). இரண்டுக்கும் சூட்டைத் தணிக்கும் கூலர் பெட்டியோடு வருகிறது. எந்தப் பக்கம் மதர்போர்டோடு சேர்த்து மலிவாக முடிகிறதோ அந்தப் பக்கம் போங்கள்.

பின்னால் பிராசஸரை மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டை (மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) பாருங்கள். 2022இல் வந்தது, 2027 வரையும் அதற்கு அப்பாலும் ஆதரவு தருவோம் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. ஆனால் அதில் டிடிஆர்5 என்ற புதிய வகை ராம் மட்டுமே பொருந்தும். தொடக்கச் செலவு கூடும். 5600 பொருந்தும் முந்தைய சாக்கெட்டான ஏஎம்4, பழைய வகையான டிடிஆர்4 ராமோடு வேலை செய்யும். உறவினர் வீட்டில் நல்ல டிடிஆர்4 ராம் சும்மா கிடந்தால், இன்றைய ராம் விலையில் அதுவே உங்கள் முடிவைத் தீர்மானிக்கலாம்.

கார்டு இல்லாமல் இப்போதைக்குச் சமாளித்துவிட்டு, அடுத்த ஆண்டு கார்டு வாங்கலாமா?

வாங்கலாம், பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால். ரைசன் 5 5600ஜி-யில் இருக்கிறது, 5600இல் இல்லை. இன்டெலில் பெயரின் இறுதியில் 'எஃப்' இருந்தால் கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். ஒரே ஓர் எழுத்து, ஆனால் படமே வராமல் போகும்.

5600ஜி-யில் வேலரண்ட், டோட்டா 2 போன்றவற்றை அமைப்புகளைக் குறைத்து நன்றாகவே விளையாடலாம். அது ராமைத்தான் தன் கிராபிக்ஸ் நினைவகமாகவும் பயன்படுத்துகிறது. எனவே இரட்டை ராம் கட்டாயம்.

8 ஜிபி ராம் ஒன்று போட்டால் போதாதா?

போதாது. இன்றைய விளையாட்டுகளுக்கு 16 ஜிபி வேண்டும். அதையும் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். இரண்டு ராமும் சேர்ந்து இரு வழிகளில் தரவை அனுப்பும்; ஒற்றை ராம் ஒரு வழியில்தான் அனுப்பும். நான்கு இடம் உள்ள மதர்போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி 2ஆவது, 4ஆவது இடங்களில் பொருத்த வேண்டும்.

பிறகு பயாஸுக்குள் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்க வேண்டும். 3200 என்று பெட்டியில் போட்டிருக்கும் ராம், அதைச் செய்யாவிட்டால் பல வேளைகளில் 2666 அல்லது 2400இல்தான் ஓடிக்கொண்டிருக்கும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தாமலே வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேஸோடு 500 வாட்ஸ் பவர் சப்ளை இலவசமாகத் தருகிறார்கள். அதையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். இதை மட்டும் நான் கெஞ்சியே சொல்வேன்.

பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். அதில் +12வி என்ற நிரலைப் பாருங்கள். பிராசஸரும் கார்டும் தின்னும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு முறை நான் கையில் எடுத்துப் பார்த்த ஒன்றில் கேஸ் பெட்டியின் மேல் '500' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு 25 ஆம்பியர். பெருக்கினால் 300 வாட்ஸ். தூக்கினால் தேங்காய் மூடி போல இலேசாக இருந்தது. என் தம்பியின் முதல் கணினியில் இப்படி ஒன்றுதான் இருந்தது. ஏப்ரல் மாத மாலை ஒன்றில் இடி இடித்துக்கொண்டிருந்தபோது 'பட்' என்று ஒரு சத்தம், கருகிய நாற்றம். பவர் சப்ளை போனதோடு மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

ஆர்எக்ஸ் 6600 இழுப்பது சுமார் 132 வாட்ஸ். ரைசன் 5 5600இன் குறிப்பு 65 வாட்ஸ். மற்றவற்றையும் சேர்த்தால் முழுக் கணினி 250 முதல் 300 வாட்ஸுக்குள் அடங்கும். எனவே உண்மையான 550 வாட்ஸ் போதும். 750 தேடி அலைய வேண்டாம். '80 பிளஸ் பிரான்ஸ்' என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்கான சான்று. பாதுகாப்புக்கான சான்றாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். 5 ஆண்டு உத்தரவாதம் தரும் நிறுவனத்தின் பொருளை வாங்குங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் அதிகம். மின்னெழுச்சியைத் தடுக்கும் நீட்டிப்புப் பலகை ஒன்றும் சேர்த்து வாங்குங்கள், இடி அருகில் வந்தால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

கழற்றி மாட்டும் கேபிள் உள்ள பவர் சப்ளையாக இருந்தால், ஒரு நிறுவனத்தின் கேபிளை இன்னொரு நிறுவனத்தின் பவர் சப்ளையில் செருகவே கூடாது. முனை பொருந்தும், உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கும், எஸ்.எஸ்.டி.யும் மதர்போர்டும் எரிந்துபோகும்.

மகன் இதை வாங்கினால் மின் கட்டணம் எகிறிவிடுமா, டீச்சர்?

இல்லை, அம்மா. 300 வாட்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். தினமும் 4 மணி நேரம் விளையாடினால் 1.2 யூனிட், 30 நாளைக்கு 36 யூனிட். உங்கள் வீட்டு மின் ரசீதில் உள்ள ஒரு யூனிட் விலையால் பெருக்கிப் பாருங்கள். அந்த 300 வாட்ஸ், ஒரு குதிரைத்திறன் ஏர்கண்டிஷனரின் கம்ப்ரசர் ஓடும்போது இழுப்பதில் பாதிகூட இல்லை. கணினியோடு அவன் அறையில் ஏர்கண்டிஷனரும் ஓடத் தொடங்கினால் கணக்கு வேறு. அதைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

மதர்போர்டு பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எதைப் பார்த்து எடுப்பது?

மூன்றைப் பாருங்கள்: உங்கள் பிராசஸரின் சாக்கெட், ராம் வகை, எஸ்.எஸ்.டி.க்கான எம்.2 இடம். 12ஆம் தலைமுறை இன்டெலுக்கான மதர்போர்டுகளில் டிடிஆர்4 போடுபவையும் உண்டு, டிடிஆர்5 போடுபவையும் உண்டு. ஒன்றில் இன்னொன்று நுழையாது, ராமின் வெட்டுத் தடம் வேறு இடத்தில் இருக்கிறது.

ரைசன் 5 5600க்குப் பி550 மதர்போர்டு நிம்மதியானது. பி450 மலிவு என்றால், 'இந்தப் பிராசஸருக்கான பயாஸ் ஏற்றப்பட்டிருக்கிறதா?' என்று வாங்கும் இடத்திலேயே கேளுங்கள். பழைய பயாஸோடு வந்தால் கணினி எழுந்திருக்காது.

எஸ்.எஸ்.டி. எவ்வளவு?

முடிந்தால் 1 டிபி, முடியாவிட்டால் 500 ஜிபி. வேகமான என்விஎம்இ வகையை எடுங்கள். எம்.2 வடிவில் இருப்பதெல்லாம் என்விஎம்இ ஆகாது. வேகம் குறைந்த சாட்டா வகையும் அதே வடிவில் வருகிறது.

நம் ஊர் வெக்கைக்கு நீர்க் கூலர் வேண்டுமா? வண்ண விளக்கு மின்விசிறி?

நீர்க் கூலர் வேண்டாம். 32 டிகிரி அறையிலும் 5600ஐப் பெட்டியோடு வந்த கூலர் தாங்கும். சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். கேஸின் முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் கம்பி வலையாக இருக்கட்டும். முன்னால் இரண்டு மின்விசிறி காற்றை இழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்ற. விளக்கு பிடித்திருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், அதற்காகப் பவர் சப்ளையைக் குறைக்காதீர்கள்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு விஷயம்: பல்லி. கேஸின் பின்பக்கத்தில் பயன்படுத்தாத இடங்களை மூடும் தகடுகளைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். ஒரு மாணவி கொண்டுவந்த கணினியைத் திறந்தபோது கார்டுக்குக் கீழே வெள்ளை மிட்டாய் போல இரண்டு பல்லி முட்டைகள். நல்ல வேளை, பல்லி மதர்போர்டில் குறுக்கே படுக்கவில்லை.

பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்குவது ஆபத்தா?

பயப்பட வேண்டியதில்லை, சோதிக்க வேண்டும். எத்தீரியம் என்ற மின்னாணயம் 2022 செப்டம்பரில் தன் முறையை மாற்றியதும், மைனிங்கில் (மின்னாணயம் ஈட்டும் கணக்கு வேலையில்) ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் பல நன்றாகவே ஓடுகின்றன. விற்பவர் வீட்டிலோ கடையிலோ அதை மாட்டி, 20 நிமிடம் ஒரு விளையாட்டை ஓடவிட்டுப் பாருங்கள். திரையில் புள்ளி தெறிக்கிறதா, விசிறி உரசுகிறதா, கணினி தானாக அணைகிறதா என்று கவனியுங்கள்.

பெயரையும் சரிபாருங்கள். ஆர்எக்ஸ் 580 என்று விற்கப்படும் பலவற்றில் '2048எஸ்பி' என்ற வகை கலந்திருக்கிறது. அசல் 580இல் 2304 கணிப்பு அலகுகள்; அதில் 2048தான், 570இன் அளவு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் நொடியில் காட்டிவிடும். ஆர்டிஎக்ஸ் 3050லும் இப்படித்தான்: 6 ஜிபி வகை 8 ஜிபி வகையைவிட நினைவகத்தில் மட்டுமல்லாமல் வேகத்திலும் குறைந்தது.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி புதிதாக மலிவாகக் கிடைக்கிறது. ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

அதில் 4 ஜிபி நினைவகம்தான் பெரும்பாலும். மதர்போர்டோடு பேசும் பாதையும் நான்கே தடம். அந்தப் பாதையின் வேகமான பதிப்பான பிசிஐஇ 4.0 உள்ள பி550இல் ஓரளவு சமாளிக்கும். மேலே சொன்ன பி450இலும், ஏ520 என்ற மலிவு மதர்போர்டிலும் இருப்பது 3.0, அங்கே அந்த நான்கு தடங்களின் வேகம் பாதியாகிவிடும். 4 ஜிபி நிரம்பியதும் கார்டு ராமை எட்டிப் பார்க்கிறது, பாதை குறுகலாக இருப்பதால் விளையாட்டு திக்கித் திக்கி ஓடும். 5600ஜி போட்டாலும் இதே கதைதான், அந்தப் பிராசஸரே 3.0 வரைதான் தருகிறது. மலிவான மதர்போர்டு வாங்குகிறவர்தான் மலிவான கார்டையும் தேடுகிறார். இந்தக் கார்டு அவருக்குத்தான் அதிகமாக நஷ்டம் தருகிறது.

அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய கணினி இருக்கிறது. அதில் கார்டு மட்டும் மாட்டினால்?

நல்ல யோசனை, மூன்று சோதனைகளில் தேறினால். தலைமுறை விண்டோஸ் 11க்கு ஏற்றதா? கேஸுக்குள் கார்டு நுழையுமா? பவர் சப்ளை தாங்குமா? இவ்வகைக் கணினிகளில் பவர் சப்ளையின் முனை அந்த நிறுவனத்துக்கே உரியதாக இருப்பதால் சாதாரணமானதை மாற்றிப் போட முடியாமல் போகலாம். அப்போது தனி மின்கேபிள் கேட்காத 70 வாட்ஸ் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கைகொடுக்கும். பழைய கார்டு பற்றிய பதிலில் குறை சொன்ன அதே கார்டு இந்த இடத்தில் மிகச் சரியானது.

கோலாலம்பூரின் லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் வாங்குவதா, இணையத்தில் வாங்குவதா?

முதல் கணினி என்றால் மதர்போர்டு, பிராசஸர், பவர் சப்ளை மூன்றையும் கடையில் வாங்குங்கள். கோளாறு வந்தால் நேரில் கொண்டுபோய் வைக்கலாம். லோ யாட் பிளாசா இம்பி மோனோரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். வார நாளில் காலையில் போங்கள். சனிக்கிழமை கூட்டத்தில் யாருக்கும் பொறுமையாகப் பதில் சொல்ல நேரமிருக்காது. மூன்று கடைகளில் விலைச்சீட்டு எழுதி வாங்குங்கள். சீட்டில் '16 ஜிபி ராம்', '550 வாட்ஸ் பவர் சப்ளை' என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்து, நிறுவனத்தின் பெயரையும் மாடல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். 'அந்த மாடல் இல்லை தம்பி, இதுவும் அதே மாதிரிதான்' என்றால் அங்கேயே முடிவெடுக்காதீர்கள். ஒரு தேநீர் குடித்துவிட்டு, மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போங்கள்.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு வரி உண்டு. அதையும் சேர்த்து ஒப்பிடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதத்தை மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில் மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

என் பிராசஸர் கார்டின் வேகத்தைக் கெடுக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இணையக் கணக்குக் கருவிகள் சொல்லும் விழுக்காட்டை நம்பாதீர்கள். விளையாட்டை ஓடவிட்டுக் கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். 95 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் கார்டு முழு வேலை செய்கிறது, பிராசஸர் தடையாக இல்லை. 60இல் நின்றால் திரையின் துல்லியத்தைக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை அப்போதும் ஏறவில்லை என்றால் பிராசஸர்தான் பிடித்து வைத்திருக்கிறது, அல்லது விளையாட்டிலேயே ஃபிரேம் உச்சவரம்பு போட்டிருக்கிறீர்கள். வேலரண்ட் பிராசஸரைத்தான் அதிகம் கேட்கும். அழகான காட்சிகள் உள்ள பெரிய விளையாட்டுகள் கார்டைக் கேட்கும். ஒரே கணினியில் இரண்டு பதிலும் வரலாம்.

எல்லாம் பொருத்திவிட்டேன். விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை!

பதறாதே. முதலில் மானிட்டர் கேபிள் எங்கே இருக்கிறது என்று பார். மதர்போர்டில் இருந்தால் கழற்றிக் கார்டில் செருகு. எனக்கு இரவு 11 மணிக்கு வரும் அழைப்புகளில் பாதி இதுதான். அடுத்து, பிராசஸருக்கான 8 முனைக் கேபிள் மதர்போர்டின் மேல் மூலையில் இருக்கிறதா என்று பார். கேஸுக்குள் கை நுழையாத மூலை என்பதால் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பிறகு சுவிட்சை அணைத்து, ராம் இரண்டையும் கழற்று. ஒன்றை மட்டும் 2ஆவது இடத்தில் வைத்து இரு முனையிலும் கட்டைவிரலால் அழுத்து. தாழ்ப்பாள் தானாக ஏறி 'டிக்' என்று கேட்க வேண்டும். புதியவர்கள் உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நீ நினைப்பதைவிட அதிக அழுத்தம் வேண்டும். ஏஎம்5 மதர்போர்டாக இருந்தால் முதல் முறை ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், திரை அதுவரை கறுப்பாகவே இருக்கும். அணைத்துவிடாமல் 10 நிமிடம் காத்திரு. அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் மதர்போர்டின் ஓரத்தில் எந்தச் சிறு விளக்கு எரிகிறது என்று படம் எடுத்து எனக்கு அனுப்பு.